பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்தின் கூரையில் ஏன் ஓர் இடைவெளி?

[காட்சி: வானிலிருந்து அரங்கம். வெண்ணிறக் கூரை, நடுவில் பசும்புல், அதைச் சுற்றி நீல நிற ஓடுதளம்.]

வணக்கம். பெர்லின் நகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஒலிம்பிக் அரங்கத்தை இப்போது மேலிருந்து பார்க்கிறீர்கள். வெண்ணிறக் கூரை இருக்கைகள் அனைத்தையும் மூடியபடி சுற்றி வந்து, மேற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. முழு வட்டமாக இருக்க வேண்டியது ஒரு லாடத்தின் வடிவில் திறந்து கிடக்கிறது. பணம் போதாமல் பாதியில் நிறுத்திய வேலை என்று தோன்றலாம். உண்மையில், 2000 முதல் 2004 வரை நடந்த சீரமைப்பில் மிகுந்த யோசனைக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவு இதுதான். அதைப் புரிந்துகொள்ள, இந்த அரங்கம் வருவதற்கு முன்பு இதே இடத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து தொடங்க வேண்டும்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். குதிரைப் பந்தயத் திடல், பள்ளத்தில் அமைந்த பழைய அரங்கம்.]

1909ஆம் ஆண்டு ஓட்டோ மார்ஷ் என்ற கட்டடக் கலைஞர் கிரூனவால்ட் காட்டின் ஓரத்தில் ஒரு பந்தயத் திடலை அமைத்தார். 1916ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியை நடத்தும் வாய்ப்பு பெர்லினுக்குக் கிடைத்தபோது, அதே திடலின் நடுவில் ஓர் அரங்கத்தைக் கட்டும் பொறுப்பும் அவரிடமே வந்தது. குதிரைகள் ஓடுவதைப் பார்ப்பவர்களின் கண்ணை மறைக்கக் கூடாது என்பதால், அரங்கத்தை மேலே எழுப்பாமல் தரையைத் தோண்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார் மார்ஷ். 1913 ஜூனில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதைத் திறந்து வைத்தார். அந்த நாளைக் காண மார்ஷ் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். முதல் உலகப் போர் மூண்டதால் 1916 ஒலிம்பிக்கும் நடக்கவில்லை.

1931இல், 1936ஆம் ஆண்டுக்கான போட்டி மீண்டும் பெர்லினுக்கு வழங்கப்பட்டது. அப்போது ஜெர்மனியில் இருந்தது குடியரசு ஆட்சி. ஓட்டோ மார்ஷின் மகன் வெர்னர் மார்ஷ், தந்தை கட்டிய அரங்கத்தையே விரிவுபடுத்தத் திட்டம் வரைந்துகொண்டிருந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, அதே ஆண்டு அக்டோபரில் இடத்தை நேரில் பார்த்த பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொள்ளும் புதிய அரங்கம் எழுந்தது.

தந்தையின் உத்தியை மகன் விட்டுவிடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இந்த அரங்கம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. உள்ளே நுழைந்தவுடன் தரை காலடியிலிருந்து கீழே சரிந்து செல்லும். அரங்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் மண்ணுக்குள் இருப்பது அப்போதுதான் புரியும். மேல்பாதியை வரிசை வரிசையான கல் தூண்கள் தாங்கி நிற்கின்றன.

[காட்சி: மேற்குப் பக்கத்து வாயில். அதன் வழியே தொலைவில் மணிக்கூண்டு.]

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். அரங்கத்தின் மேற்குப் பக்கத்தில் மாரத்தான் வாயில் எனப்படும் ஒரு பெரிய திறப்பு உண்டு. 1936இல் ஒலிம்பியாவிலிருந்து முதன்முறையாகத் தொடர் ஓட்டமாகக் கொண்டுவரப்பட்ட சுடர், இந்த வாயிலில் உள்ள கொப்பரையில்தான் ஏற்றப்பட்டது. வாயிலுக்கு அப்பால் மே திடல் என்ற பரந்த புல்வெளி. அதன் எல்லையில் 77 மீட்டர் உயர மணிக்கூண்டு. அரங்கத்துக்குள் அமர்ந்திருப்பவரின் பார்வை திடலைத் தாண்டி, வாயில் வழியே புல்வெளிக்குச் சென்று, மணிக்கூண்டில் போய் நிற்கும்படி எல்லாமே ஒரே நேர்க்கோட்டில் அமைக்கப்பட்டன. விளையாட்டைப் பார்க்க வந்த கூட்டத்தை ஆட்சியின் பேரணித் திடலோடும் போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு மண்டபத்தோடும் பிணைக்கும் கோடு அது. ஆகவே, இந்த வாயில் ஓர் அழகிய கட்டட அமைப்பாக இருப்பதோடு ஓர் அரசியல் நோக்கத்தின் சாட்சியாகவும் நிற்கிறது.

வாயிலின் உட்சுவர்களில் 1936இல் வென்றவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இன மேன்மையைப் பறைசாற்ற நினைத்த ஓர் ஆட்சியின் கண்ணெதிரே, கறுப்பின அமெரிக்கரான ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அவருடைய பெயரும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. அங்கே இடம்பெற வாய்ப்பே தரப்படாதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். கிரெட்டல் பெர்க்மான் என்ற யூத வீராங்கனை, போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மானிய தேசியச் சாதனையைச் சமன்செய்தார். அப்படியிருந்தும் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சாதனை அவர் பெயருக்குத் திரும்ப 2009ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே வளாகத்தில் உள்ள ஹாக்கி திடலில்தான், 1936 ஆகஸ்டு 15 அன்று தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8–1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது.

[காட்சி: தரையில் வைக்கப்பட்டுள்ள பெரிய மணி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

போரில் அரங்கம் பெரும் சேதமின்றித் தப்பியது, மணிக்கூண்டு தப்பவில்லை. 1945இல் அதன் கீழே இருந்த ஆவணங்களுக்குத் தீ வைக்கப்பட்டபோது, கூண்டே ஒரு புகைபோக்கியாக மாறி உள்ளே வெந்து வலுவிழந்தது. 1947இல் பிரிட்டிஷ் படையினர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். பின்னர் 1960களின் தொடக்கத்தில், அதே உயரத்தில் அதை மீண்டும் எழுப்பியவரும் வெர்னர் மார்ஷ்தான். கீழே விழுந்து விரிசல் கண்ட பழைய மணி மட்டும் மேலே ஏறவில்லை. அரங்கத்தின் தெற்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். அருகில் சென்று பாருங்கள். விளிம்பில் "உலகின் இளைஞர்களை அழைக்கிறேன்" என்ற பொருளில் ஜெர்மன் எழுத்துகள். அதற்குச் சற்று மேலே குண்டு துளைத்த ஓட்டை. இந்த வளாகத்தின் வரலாற்றைச் சொல்ல இதைவிடச் சிறந்த அருங்காட்சிப் பொருள் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

போருக்குப் பிறகு வளாகத்தின் ஒரு பகுதி 1994 வரை பிரிட்டிஷ் படைகளின் தலைமையிடமாக இருந்தது. அரங்கம் மக்கள் பயன்பாட்டுக்குத் திரும்பியது. 1963 முதல் ஹெர்த்தா பெர்லின் கால்பந்து அணி இங்கே ஆடத் தொடங்கியது. 1969இல் அந்த அணி கொலோன் அணியுடன் மோதிய ஆட்டத்தைக் காண 88,075 பேர் திரண்டனர். ஜெர்மன் முதல்நிலைக் கால்பந்து லீகில் இன்றும் முறியடிக்கப்படாத கூட்டம் அது. 1974 உலகக் கோப்பைக்காக இரு பக்கங்களில் மட்டும் கூரை போடப்பட்டது. 1985 முதல் ஜெர்மன் கோப்பையின் ஆடவர் இறுதி ஆட்டம் ஆண்டுதோறும் இங்கேதான் நடக்கிறது.

ஆனால் கட்டடம் தளர்ந்துகொண்டே வந்தது. 1990களின் பிற்பகுதியில், இதை என்ன செய்வது என்ற கேள்வி பெரும் விவாதமாக வெடித்தது. இடித்துவிட்டுக் கால்பந்துக்கென்றே புதிய அரங்கம் கட்டலாம் என்றனர் சிலர். ரோம் நகரின் கொலோசியத்தைப் போல மெல்லச் சிதைய விட்டுவிடலாம் என்றனர் வேறு சிலர். இறுதியில், இடிக்கவும் வேண்டாம், சிதைய விடவும் வேண்டாம், சீரமைத்துப் பயன்படுத்துவோம் என்று முடிவாயிற்று. ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த கெர்கான், மார்க் குழுவினரின் வடிவமைப்பில் 2000 ஜூலையில் பணி தொடங்கியது. மொத்தச் செலவான 242 மில்லியன் யூரோவில் 196 மில்லியனை மத்திய அரசே ஏற்றது.

[காட்சி: சீரமைப்புப் பணி. பாதி அரங்கத்தில் பாரந்தூக்கிகள், மறுபாதியில் ரசிகர்கள்.]

பணி நடந்த நான்கு ஆண்டுகளும் அரங்கம் மூடப்படவே இல்லை. ஒரு பகுதியை அடைத்து வேலை பார்த்துக்கொண்டே, மற்ற பகுதிகளில் ரசிகர்களை அமர்த்தி ஆட்டங்களை நடத்தினார்கள். பழைய கல் பரப்புகள் தூய்மை செய்யப்பட்டன. மேல் அடுக்கு பழுதுபார்க்கப்பட்டது. கீழ் அடுக்கை முழுவதுமாக அகற்றி, திடலை மேலும் 2.65 மீட்டர் ஆழப்படுத்தி, இருக்கைகளை முன்பைவிடச் செங்குத்தாகவும் திடலுக்கு நெருக்கமாகவும் அமைத்தார்கள். தந்தை தோண்டிய இடத்தை மகன் தோண்டினார். மகன் தோண்டிய இடத்தை அடுத்து வந்தவர்கள் மேலும் தோண்டினார்கள். வெளித்தோற்றத்தை மாற்றாமல் அரங்கத்தை வளர்க்க வேறு வழி இருக்கவில்லை.

[காட்சி: வரைபடம். மிதிவண்டிச் சக்கரம், அதனருகே ஒரு பகுதி வெட்டப்பட்ட சக்கரம்.]

கூரைதான் கடினமான பகுதி. இக்கால அரங்கக் கூரைகள் பலவும் மிதிவண்டிச் சக்கரத்தைப் போன்றவை. வெளி வளையம் அழுத்தத்தையும் உள் வளையம் இழுவிசையையும் தாங்க, இரண்டையும் கம்பிகள் இணைப்பதால், பார்வையை மறைக்கும் தூண்கள் இல்லாமலே கூரை நிற்கும். ஆனால் வளையம் முழுமையாக இருந்தால்தான் இந்தச் சமநிலை கிட்டும். ஒரு பகுதியை வெட்டினால் சக்கரம் நெளிந்துவிடுவது போல, கூரையும் நிற்காது. பெர்லினிலோ, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் மாரத்தான் வாயிலின் மேல் கூரை வரக் கூடாது. திடலுக்கும் மணிக்கூண்டுக்கும் இடையிலான பார்வைக்கோடு அறுபடக் கூடாது.

எனவே வேறு வழியைத் தேடினார்கள். கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டுவைத்த தூணின் மீது கிடக்கும் மரம் ஒரு பக்கம் நீண்டு தொங்க, மறுபக்கத்து எடை அதைச் சமன்செய்யும். அதைப் போலவே இங்கே ஏறத்தாழ 68 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டங்கள் திடலை நோக்கி நீள்கின்றன. அவற்றைத் தாங்குவதற்காக, மேல் அடுக்கின் இருக்கைகளுக்கு நடுவே மெல்லிய எஃகுத் தூண்கள் இருபது நிற்கின்றன. உச்சியில் மரக்கிளைகளைப் போலப் பிரிந்து கூரையைப் பிடித்துக்கொள்கின்றன. கூரையின் மேலும் கீழும் ஒளியை ஊடுருவ விடும் வெண்ணிறத் துணிப் படலம் போர்த்தப்பட்டுள்ளது.

இதற்கு ஒரு விலை உண்டு. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்த ரசிகருக்குத் திடலின் ஒரு கீற்று மறையும். வரலாற்றுக்காக ரசிகரின் வசதியை விட்டுக்கொடுப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தத் திறப்பை மூடியிருந்தால், இந்த அரங்கம் எந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கண்ணால் காட்டும் ஒரே இடம் மறைந்துபோயிருக்கும்.

[காட்சி: இரவு. ஒளிரும் அரங்கம், நீல ஓடுதளம்.]

2004 கோடையில் சீரமைக்கப்பட்ட அரங்கம் ஏறத்தாழ 74,500 இருக்கைகளுடன் திறக்கப்பட்டது. புதிய ஓடுதளத்துக்கு ஹெர்த்தா அணியின் நீல நிறம் தரப்பட்டது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிதான் சிவப்பு அட்டையுடன் வெளியேறியதும், இத்தாலி பெனால்டி முறையில் பிரான்ஸை வென்றதும் இங்கேதான். 2009 ஆகஸ்டு 16 அன்று, 1936 போட்டிகள் நிறைவுற்ற அதே தேதியில், உசைன் போல்ட் அந்த நீலத் தளத்தில் 100 மீட்டர் தூரத்தை 9.58 விநாடிகளில் கடந்தார். 2024 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் இங்கிலாந்தை 2–1 என்று வென்றது.

அந்த ஓடுதளமே இப்போதைய சிக்கலுக்கும் காரணம். அதனால் ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து விலகி அமர நேர்வதால், தனக்கெனத் தனி அரங்கம் வேண்டும் என்று ஹெர்த்தா அணி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. தடகள வீரர்களோ ஓடுதளத்தை விட்டுத்தர மனமின்றி இருக்கிறார்கள். முடிவு எதுவாயினும், மேற்குப் பக்கத்துத் திறப்பு திறந்தபடியேதான் இருக்கும்.

[காட்சி: அரங்கத்தின் தெற்குப் பக்கத்துத் தெரு. பெயர்ப்பலகையில் கேமரா நிற்கிறது: ஜெஸ்ஸி ஓவன்ஸ் சாலை.]