புதன்கிழமை அரைமணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டம் தட்டுவது, ஓரங்கட்டுவது, குத்திக்காட்டுவது, ஜாடை பேசுவது. அலுவலகத்தில் ஒருவரை நோகடிக்கும் ஒவ்வொரு வழிக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே ஆள் மீது மாதக்கணக்கில் நடக்கும்போது மட்டும் பெயர் சொல்ல நமக்கு நாக்கு எழுவதில்லை. ‘அவர் சுபாவமே அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். நான் இன்று அதைப் பணியிடக் கொடுமை என்றே சொல்லப் போகிறேன். அதில் அகப்பட்டவருக்கு ஒரு வழிகாட்டி, அதாவது கூட உட்கார்ந்து கேட்கும் ஒரு மூத்த ஊழியர், என்ன செய்யமுடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முதல் வேலை கணக்குப் பிரிவில். கூட்டம் 10 மணிக்கு என்றால் எனக்கு மட்டும் பத்தரை என்று சொல்லியிருப்பார் எங்கள் மேற்பார்வையாளர். நான் கதவைத் திறந்ததும், “வாங்க மகாராணி” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுதிய கடிதத்தைப் படிக்காமலே மேசைமேல் வீசுவார். எது தப்பு என்று கேட்டால், “அதுகூடத் தெரியலையா?” வீட்டில் வந்து சொன்னால் எதுவும் பெரிதாகவே தெரியாது. ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன், ஒரு கடிதம் திரும்பி வந்தது, அவ்வளவுதானே? எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. நமக்குத்தான் வேலை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அக்கா. படிக்கட்டில் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்கு அழைத்துப் போனார். ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “எத்தனை மணிக்கு நடந்தது? யார் யார் இருந்தாங்க? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு” என்று கேட்டார். அப்புறம், “ஒரு நோட்டுல எழுதி வைம்மா. அடுத்த புதன்கிழமை பார்க்கலாம்” என்றார்.

ஆறு புதன்கிழமைகள், ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம். ஆறாவது வாரம் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், எனக்கே வாசித்துக் காட்டினார். மொத்தம் 14 குறிப்புகள். “இதுல நிஜமாவே உன் வேலையில தப்பு எத்தனை?” என்றார். எண்ணிப் பார்த்தோம். இரண்டு. அந்த இரண்டும் மறுபடி வராமல் இருக்க, கூட்டுத்தொகையை எப்படிச் சரிபார்ப்பது என்று அங்கேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். “மீதி பன்னிரண்டும் உன் தப்பு இல்லம்மா” என்றார்.

வழிகாட்டி செய்யவேண்டிய வேலை முழுவதும் அந்த அரைமணியில் இருந்தது என்று இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறேன். பணியிடக் கொடுமை சின்னச் சின்னதாக, திரும்பத் திரும்ப வருவது. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தூசு. வாரா வாரம் கேட்கும் ஒரு வெளி ஆளுக்குத்தான் அது கோவையாகத் தெரியும். 1980களில் சுவீடனில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆறு மாதமாவது தொடர்வது என்று இதற்கு ஓர் அளவு வைத்தார். ஆய்வுக்கு அந்த அளவு சரி. அலுவலகத்தில் ஆறு மாதம் காத்திருக்கலாமா? கூடவே கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலாக இருக்கலாம் என்கிறது. பயிற்சியில் இருப்பவர்களையும் அது சேர்த்தே காக்கிறது. புதிதாக வருபவர்தான் எளிதில் அகப்படுகிறவர் என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. எது வழக்கம், எது வம்பு என்று அவருக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

அதனால் வழிகாட்டியை வேலையில் சேர்ந்த முதல் நாளே, எல்லோருக்கும் கொடுங்கள். புகார் வந்தபிறகு அந்த ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், ‘இவளுக்குத்தான் ஏதோ குறை, அதான் ஆள் போட்டிருக்காங்க’ என்று பேச்சு கிளம்பும். அதுவே இன்னொரு குத்தாகிவிடும். வழிகாட்டுபவர் வேறு பிரிவுக்காரராக இருக்கவேண்டும், சம்பள உயர்விலோ மதிப்பீட்டிலோ அவர் கை இருக்கக்கூடாது. கேட்டதை அனுமதி இல்லாமல் வெளியே சொல்லமாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்று முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும்.

நல்ல மனசோடு செய்யும் ஒரு கெடுதலும் உண்டு. ‘கண்டுக்காதே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்பது. அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவருக்கு அது, ‘நீ வாயை மூடு’ என்றுதான் கேட்கும். இன்னொன்று, இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ‘பேசித் தீர்த்துக்கோங்க’ என்பது. பயந்துபோன ஒருவரும் பயமுறுத்திய ஒருவரும் அங்கே எப்படிச் சமமாகப் பேசுவார்கள்? முறையான புகார் தேவைப்படும்போது வழிகாட்டி செய்யக்கூடியது, கூடவே போய் உட்காருவது. அக்கா என்னோடு மேலாளர் அறைக்கு வந்தார், நோட்டோடு. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான் பிழைத்தேன், ஆனால் அது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. மாற்றப்பட்டிருக்க வேண்டியவர் நான் இல்லை.

அந்த மேற்பார்வையாளருக்கும் யாராவது ஒரு புதன்கிழமை கொடுத்திருந்தால் என்று யோசித்ததுண்டு. நடவடிக்கைக்குப் பதிலாக இல்லை, நடவடிக்கையோடு சேர்த்து. பதவி உயர்வு பெற்ற கையோடு பலருக்கு ஆட்களை நடத்த யாரும் சொல்லித்தருவதில்லை. தங்களை நடத்தியபடியே அவர்களும் நடத்துகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் இளம் மேற்பார்வையாளருக்கு நான் வழிகாட்டியாக இருந்தேன். அவர்மேல் எச்சரிக்கைக் கடிதம் போயிருந்தது. வந்து உட்கார்ந்ததும், “மேடம், வேலை வாங்கணும்னா கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் ஆகணும்” என்றார். நான் வாதாடவில்லை. “கடைசியா அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னீங்க? யார் யார் இருந்தாங்க? வார்த்தையை அப்படியே சொல்லுங்க” என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். மேசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “இதே வார்த்தையை என்கிட்டயும் ஒருத்தர் சொல்லியிருக்கார் மேடம்” என்றார். மீதியை அடுத்த வாரம் பேசலாம் என்று நேரம் குறித்துக்கொண்டோம். புதன்கிழமைதான்.

வணக்கம்.