கச்சான் காற்றில் மூன்று நாள்

வணக்கம் நேயர்களே.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையில் வந்தது. அடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் வீட்டில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எங்கள் வீடு, மைத்துனர் வீடு, அலுவலக நண்பர் வீடு என்று 14 பேர் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலேறினோம். கோயிலுக்காக எத்தனையோ முறை போன தீவுதான். கடலுக்காகவே போனது அதுதான் முதல் தடவை.

அந்த ஏப்ரலில்தான் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்திருந்தார்கள். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி கப்பல் வந்தால் அப்படியே மேலே எழும்பும். நாங்கள் போன நேரம் கப்பல் எதுவும் வரவில்லை. பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய பாலம் துருவேறி நின்றது. பிள்ளைகள் புதியதில் போய்க்கொண்டே பழையதைத்தான் படம் எடுத்தார்கள்.

அறை பிடித்தது மைத்துனர். தீவின் தெற்குக் கரையில், கடலைப் பார்த்த அறை. விளம்பரப் படத்தில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கலங்கிப்போன சாம்பல் நிறத் தண்ணீர், ஆளுயர அலை, முகத்தில் அறைகிற மணல். கட்டிய பணம் திரும்ப வராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மைத்துனர் யார் முகத்தையும் பார்க்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமாதானம் சொன்னவர் டீக்கடைக்காரர். “சார், இது கச்சான் காத்து. புரட்டாசி வரைக்கும் தெக்குக் கடல் இப்படித்தான் கெடக்கும். வடக்க ஓலைக்குடா பக்கம் போங்க, பிள்ளைங்க நல்லா குளிக்கும்.”

போனோம். ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். அங்கே கடல் குளம் போலக் கிடந்தது. வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இந்தப் பேர் வருஷம் முழுக்கப் பொருந்தாது என்று தோன்றுகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தீவே குறுக்கே நின்று வடக்குக் கடலுக்கு மறைப்புக் கட்டுகிறது. ஐப்பசிக்கு மேல் வாடை பிறந்துவிட்டால் கதை மாறிவிடும். அப்போது தெற்கு அடங்கும், வடக்கு பொங்கும். விளம்பரப் படம் வாடைக் காலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது. முனையில் இறங்கிக் குளிக்கக் கூடாது, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். அதை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தோம்.

என் மாமனாருக்கு 82 வயது. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் செங்கல் சுவர் மட்டும் மிச்சம். அங்கே வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னார். 1962-இல், 19 வயதில், தன் அண்ணனைக் கொழும்புக்கு வழியனுப்ப போட் மெயிலில் இங்கே வந்தவர் அவர். ரயிலை விட்டு இறங்கினால் கப்பல், கப்பலை விட்டு இறங்கினால் தலைமன்னாரில் மறுபடி ரயில். “இங்கனதான்டா அண்ணனுக்கு இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்” என்று மணலில் ஒரு இடத்தைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். இரண்டு வருஷம் கழித்து, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு போனது. பேரப்பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர், அந்த ரயிலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வெயில் ஏறியது. ஓலைக் குடிசையில் மீன் வறுத்து விற்கும் ஒரு அம்மாவிடம் தண்ணீர் கேட்டோம். (விலை கேட்டுவிட்டு மீனைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்காமல் சொன்னோம்.) அந்த அம்மா குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். முழங்கை ஆழத்துக்கு மணலில் ஒரு குழி. கடல் ஐம்பதடி தள்ளி இரைகிறது. குழியின் அடியில் மெல்லத் தண்ணீர் ஊறுகிறது. சிரட்டையால் மணல் கலங்காமல் மொண்டு கொடுத்தார். துளி உப்பில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால்தான் குழியும் சிறிசு, மொள்வதற்குச் சிரட்டை. என் சின்ன மகள் அவசரத்தில் வாட்டர் பாட்டிலை நேரே அமுக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, ஊற ஊற மொண்டு, அரை மணி நேரத்தில் ஒரு பாட்டில் நிரப்பினாள். அதுவரை வேன் காத்திருந்தது, டிரைவர் முணுமுணுத்தார்.

ஞாயிறு காலையும் ஓலைக்குடாதான், மதியம் கிளம்பிவிட்டோம். பொங்கல் லீவுக்கும் போகலாம் என்று ரயிலிலேயே முடிவாயிற்று. தை மாதம் வாடைக் காலம், தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மைத்துனர் மானாமதுரை வருவதற்குள் அதே விடுதிக்கு, அதே தெற்குப் பார்த்த அறைக்குப் போன் போட்டுவிட்டார்.

வணக்கம்.