கொய்யா மரத்தடியில் ஒரு விருந்தாளி

வணக்கம் நண்பர்களே. சோழவந்தானில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பேசுகிறேன். குரலைத் தாழ்த்தித்தான் பேச முடியும். ஏன் என்று பாருங்கள், கேமராவை மெதுவாகத் திருப்புகிறேன். கொய்யா மரத்தடியில், சருகுக்குள் தத்தித் தத்திப் போகிறதே, தெரிகிறதா? முதுகு பச்சை, வாலுக்கடியில் சிவப்பு, கண்ணில் அகலமாக மை இழுத்ததுபோல் ஒரு கறுப்புப் பட்டை. ஆறுமணிக்குருவி! விடியும்போதும் பொழுது சாயும்போதும் குரல் கொடுப்பதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. அவ்வளவு தூரம் பறந்து வந்து எங்கள் கொல்லையில் இரை தேடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இந்தத் திண்ணையில் பரப்பியிருப்பது என் தூண்டில் சாமான்கள். ஐப்பசி அடைமழை பிடித்து, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் ஓடையில் மீன் ஏறும். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, அதாவது மீன்பாசி, ஏலம் எடுத்தவருக்கு உரியது. நான் ஓடையிலும் வாய்க்காலிலும் போடுகிறவன். கெளுத்தி, கெண்டை, ஜிலேபி கிடைக்கும். மூங்கில் கழிக்கு எண்ணெய் பூசியாகிவிட்டது. துருப்பிடித்த முள்ளைக் கழித்துவிட்டேன். தக்கைக்குத் தோப்பில் மயில் உதிர்த்துப்போன இறகின் தண்டு. அதைவிட நல்ல தக்கையை நான் பார்த்ததில்லை, கெண்டை முகர்ந்தாலே ஆடும்.

மண்புழுவுக்குத்தான் இடத்தை மாற்றினேன். போன வருடம்வரை இதே கொய்யா மரத்தடி ஈரமண்ணைத்தான் கிளறுவேன். இந்தக் குருவிக்கும் அதே மண்தான் சோறு. சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் எடுக்கிறது. எனக்கு மாட்டுக்கொட்டகை எருக்குழி போதும். சருகைக் கூட்ட வேண்டாம் என்று அம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். முதலில் பாம்பு வரும் என்று பயந்தார். வீட்டை ஒட்டிய பக்கம் மட்டும் கூட்டிக்கொள்வதாக முடிவானது.

இந்த டப்பாவைக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது பழைய தங்கூசித் துண்டுகள், தூண்டிலில் கட்டுகிற நைலான் நூல். போன கார்த்திகையில் முடிச்சுப் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிச் செடிப்பக்கம் எறிந்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்து ஒரே கூச்சல். தவிட்டுக்குருவி ஒன்றின் காலில் தங்கூசி சுற்றி, மறுமுனை செம்பருத்திக் கிளையில் மாட்டியிருந்தது. கூட்டத்தில் ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. சுற்றி உட்கார்ந்து கத்துகின்றன. துண்டால் போர்த்திப் பிடித்து, நகவெட்டியால் நறுக்கி எடுத்தேன். விரலைச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. பறந்துவிட்டது, ஆனால் அந்தக் காலை ஊன்றவில்லை. என் கை எறிந்த நூல் அது. நைலான் எளிதில் மக்காது, மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடக்கும். அன்றிலிருந்து விரற்கடைத் துண்டானாலும் டப்பாவுக்குள்தான். ஓடைக்கரையில் மற்றவர்கள் விட்டுப்போனதையும் பொறுக்கி வருகிறேன். தூண்டில் போடுகிறவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு டப்பா கொண்டுபோங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

முருங்கைக்கு மேலே தட்டான்கள் வட்டமிடுகின்றன. இவற்றில் ஓர் இனம் இந்த மாதங்களில் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகிறது. அதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. மைக்கை மரத்தடிப் பக்கம் நகர்த்துகிறேன். இனி நான் பேசவில்லை, கேளுங்கள்.