நகத்தில் எழுதிய பெயர்

அவையோருக்கு வணக்கம்.

நகப்பூச்சால் இனவெறியை எதிர்க்க முடியுமா என்று தலைப்பைக் கேட்டதும் சிலர் முகம் சுளித்தீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். கறுப்பினப் பெண்களின் கைகளைப் பார்த்து அமெரிக்கா நெடுங்காலம் சுளித்ததும் இதே முகத்தைத்தான்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கறுப்பின ஓட்டப்பந்தய வீராங்கனை ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 200 மீட்டரை 21.34 விநாடியில் ஓடினார். அதே ஆண்டில் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடியிருந்தார். இரண்டு உலக சாதனைகளும் இன்றும் நிற்கின்றன. ஆனாலும் அவருடைய கால்களுக்கு இணையாகப் பேசப்பட்டவை, வண்ணம் தீட்டிய அந்த நீண்ட நகங்கள். கறுப்பினப் பெண்ணின் கையில் இருந்தால் பகட்டு, நாகரிகக் குறைவு, வேலைக்கு ஆகாதவள் என்ற முத்திரை. அதே நகம் வெள்ளையின நடிகையின் கைக்கு வந்துவிட்டால் புதிய பாணி! எந்தக் கையை மறைத்துக்கொள்ளச் சொன்னார்களோ, அந்தக் கையிலேயே ஒருத்தி தன் கோபத்தை எழுதிக்கொள்கிறாள் என்றால் அதை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

2020 மார்ச் 13. அமெரிக்காவின் லூயிவில் நகரில் நள்ளிரவு கடந்த நேரத்தில் கதவை உடைத்து நுழைந்த காவலர்கள் சுட்டதில் பிரியோனா டெய்லர் என்ற கறுப்பினப் பெண் இறந்தார். வயது 26. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை ஊன்றிக் கொன்றார். வீதிகளில் மக்கள் திரண்ட அந்த நாட்களில் நகங்களிலும் உயர்த்திய முஷ்டியும் இறந்தவர்களின் பெயர்களும் தோன்றின.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். முதலில் கறுப்பு ஜெல் பூச்சு. விளக்கின் கீழ் கையை வைத்து அதை இறுகவிட வேண்டும். பிறகு நாலைந்து மயிரே உள்ள தூரிகையால் வெள்ளையில் எழுத்து. நகத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பிரியோனாவின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள். குறுக்கே அடங்காது, நீளவாட்டில்தான் எழுத வேண்டும். கை சற்று நடுங்கினால் துடைத்துவிட்டு மறுபடி முதலெழுத்திலிருந்து. அவ்வளவு நேரமும் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் விரலைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு வராமல் இருக்குமா?

அழகு நிலையப் பேச்சு என்று இளக்காரமாகச் சொல்வார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்வதற்கு எழுத்தறிவுத் தேர்வு குறுக்கே நின்றபோது, 1957 ஜனவரியில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் அவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அதில் பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைத் தொழில் செய்தவர். வெள்ளை முதலாளி யாரும் அவரை வேலையை விட்டு நீக்கிவிட முடியாது. வாடிக்கையாளர்களும் கறுப்பினப் பெண்களே. துணிந்து பேச அந்தத் தொழில் இடம் கொடுத்தது.

ஒரு மறுப்பு உண்டு; அதில் நியாயமும் உண்டு. கொல்லப்பட்ட பெண்ணின் பெயரை மினுமினுப்போடு தீட்டிப் படமெடுத்துப் போடுவது துக்கத்தை அலங்காரப் பொருளாக்குவது ஆகாதா? ஆகும், படத்தோடு முடிந்துவிட்டால். காசாளராக இருக்கும் பெண் சில்லறையை நீட்டும்போது எதிரில் நிற்பவர் அந்த நகத்தைப் பார்க்கிறார், "யார் இது?" என்று கேட்கிறார். அப்போது அவள் என்ன சொல்கிறாள் என்பதே எனக்கு முக்கியம். 2020 ஜூனில் லூயிவில் நகர மன்றம், காவலர்கள் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் நுழைய அனுமதிக்கும் வாரண்டுகளைப் பிரியோனாவின் பெயரிலேயே சட்டம் இயற்றித் தடைசெய்தது. அவர் எப்படி இறந்தார், அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று கேட்டவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதவர் தெரிந்துகொள்ளும்வரை அந்தப் பெயரை நகத்தில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.