ஒரு கைதுக்கு 260 கிலோமீட்டர்: டெக்சாஸ் ஷெரிஃபின் ஆட்கள் ராத்திரி முழுக்க என்ன செய்கிறார்கள்?

[காட்சி: இருட்டான சாலை, ஒரு வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் மட்டும்]

ராத்திரி இரண்டு மணி. தெருவிளக்கு ஒன்றுகூட இல்லாத நெடுஞ்சாலை. நடுச்சாலையில் ஒரு கறுப்பு மாடு படுத்திருக்கிறது. தாரும் கறுப்பு, மாடும் கறுப்பு, 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது கண்ணில் படும்போது பிரேக்கை மிதிக்க நேரம் இருக்காது. நூலிழையில் தப்பிய யாரோ ஒருவர் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-க்கு போன் பண்ணுகிறார். இப்போது சொல்லுங்கள், டெக்சாஸில் அந்த மாட்டைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? வீடியோவை ஒரு நொடி நிறுத்தி கமென்ட்டில் போடுங்கள், அப்புறம் மேலே பாருங்கள்.

ஷெரிஃபுடையது! சட்டப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்த மாட்டைத் தேடி வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் அவருடைய டெபுட்டி, அதாவது அவருக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரி. இன்றைய வீடியோ அந்த டெபுட்டியைப் பற்றித்தான்.

ஷெரிஃப் என்றால் யார் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெரிஃப், நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், டெபுட்டிகளை நியமிப்பது அவர். நகரத்துக்கென்று தனி போலீஸ் இருக்கும், நகரத்துக்கு வெளியே பெரும்பாலும் ஷெரிஃப் அலுவலகம்தான். சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார், ஆனால் அது கௌரவப் பதவி. டெக்சாஸில் இருப்பவர் கையில் விலங்கும் உண்டு, சிறைச்சாலைச் சாவியும் உண்டு. சரி, கதைக்கு வருவோம்.

[காட்சி: வரைபடம், மேற்கு டெக்சாஸ், மெக்சிகோ எல்லை]

இது ப்ரூஸ்டர் கவுன்ட்டி, டெக்சாஸிலேயே பெரியது. பரப்பளவு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். கனெக்டிகட் என்ற ஒரு முழு மாநிலத்தைத் தூக்கி இதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அந்த மாநிலத்தில் 36 லட்சம் பேர் வாழ்கிறார்கள். ப்ரூஸ்டரில் 2020 கணக்கெடுப்பின்படி எத்தனை பேர் தெரியுமா? 9,546. அதிலும் சுமார் 6,000 பேர் ஆல்பைன் என்ற ஒரே ஊரில் இருக்கிறார்கள். மற்ற மூன்றாயிரத்துச் சொச்சம் பேர் அந்தப் பாலைவனம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். இந்த எண்ணைப் படித்தபோது நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இதை ஒரு டெபுட்டியின் கண்ணால் பாருங்கள். தெற்கே டெர்லிங்குவா என்று ஒரு ஊர், முன்பு பாதரசச் சுரங்கம் இருந்த இடம். அங்கே ராத்திரி ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, அடிதடி என்று அழைப்பு வருகிறது. டெபுட்டி தனியாகப் போகிறார். அந்த ஆளைக் கைது செய்தால் எங்கே கொண்டு போவது? சிறை இருப்பது ஆல்பைனில். 118-ஆம் எண் சாலையில் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், போய்வர 260. வண்டியின் பின்சீட்டில் விலங்கு போட்ட ஒருவரோடு, மலைகளுக்கு நடுவே, இடையிடையே செல்போன் சிக்னலும் இல்லாமல் ஒன்றரை மணி நேரம். அவர் திரும்பி வருகிறவரை தெற்குப் பக்கத்தில் வேறு யாருக்காவது ஒன்று ஆனால்? அந்த நேரத்தில் அருகில் இருக்கிற எல்லைக் காவல் படைக்காரரோ தேசியப் பூங்கா ரேஞ்சரோ உதவிக்குப் போனால்தான் உண்டு.

அதனால்தான் இந்த வேலையில் பேச்சுத் திறமை அவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன். நகரத்துப் போலீஸுக்கு வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் நாலு நிமிடத்தில் இன்னும் இரண்டு வண்டி வந்து நிற்கும். இங்கே துணைக்கு ஆள் வர ஒரு மணி நேரம் ஆகலாம். கோபத்தில் இருக்கிற ஒருவரை, "வாங்க, வெளியே உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லி, அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, மூச்சு அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்த டெபுட்டியை நான் பெரிய ஆளாக மதிக்கிறேன். சாயங்காலம் சினிமாவில் பார்க்கிற துப்பாக்கிச் சண்டைக்கு இதில் கால்வாசி தைரியம்கூடத் தேவையில்லை.

மற்ற வேலைகள்: கோர்ட் சம்மன் கொடுப்பது, விபத்து, தனியாக இருக்கும் முதியவர் போன் எடுக்கவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுவது. அப்புறம், மனநெருக்கடியில் இருக்கும் ஒருவரைப் பாதுகாப்பாக மருத்துவமனையில் சேர்ப்பதும் பல நேரங்களில் இவர்கள் தலையில்தான். மேற்கு டெக்சாஸுக்கான அரசு மனநல மருத்துவமனை பிக் ஸ்பிரிங் நகரில் இருக்கிறது, ஆல்பைனிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். நோயாளியை போலீஸ் வண்டியில் அவ்வளவு தூரம் ஏற்றிப் போவது தப்பு. அதற்கு ஆம்புலன்ஸும் நர்ஸும் வேண்டும், டெபுட்டி அல்ல.

சம்பளம்? 2023-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. மாநில மானியம் வாங்கும் கிராமப்புற ஷெரிஃப் அலுவலகம் டெபுட்டிக்கு வருடத்துக்குக் குறைந்தது 45,000 டாலர் தர வேண்டும். அப்படிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள்.

[காட்சி: மறுபடியும் அந்த மாடு]

இப்போது மாட்டுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஆள் தெரியாமல் திரியும் கால்நடை என்று தகவல் வந்தால் ஷெரிஃப் முதலில் சொந்தக்காரரைத் தேட வேண்டும். மாட்டின் உடம்பில் சூட்டுக்குறி இருக்கும், அந்தக் குறிகளைக் கவுன்ட்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் பிடித்து அடைத்து, அறிவிப்புப் போட்டு, அப்படியும் யாரும் வராவிட்டால் பொது ஏலம். திரியும் மாடுகளை அடைத்து வைக்கும் நம் ஊர்க் கொண்டித்தொழுவம் ஞாபகம் வருகிறதா? 1871-இல் வெள்ளைக்காரன் இங்கே கால்நடை அத்துமீறல் சட்டம் கொண்டுவந்தான், அதுவும் டெக்சாஸ் சட்டமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

டெக்சாஸ் சட்டத்தில் மாடு, குதிரை மட்டும் இல்லை. வழிதவறிய காட்டெருமையும் உண்டு, தீக்கோழி, ஈமு மாதிரி வெளிநாட்டுப் பறவைகளும் உண்டு! ஈமு என்றதும் பெருந்துறை ஈமு பண்ணை மோசடி ஞாபகம் வருகிறவர்கள் கை தூக்குங்கள். டெக்சாஸிலும் 1990-களில் அதே ஈமு வளர்ப்புப் பைத்தியம் பிடித்தது. ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது, அப்புறம் சந்தை படுத்துவிட்டது, தீனி போடக் கட்டுப்படியாகாமல் சிலர் பறவைகளை அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பறவை அது. யூனிஃபார்ம் போட்ட மனிதர் எப்படித் துரத்துவார்?

மாட்டைப் பிடிக்க மட்டும் ஒரு வழி இருக்கிறது. டெக்சாஸில் பல பண்ணைகளில் தீனி வண்டியில் சைரன் மாட்டி வைத்திருப்பார்கள். சைரன் அடித்ததும் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் மாடுகள் ஓடிவரும். அப்படிப் பழகின மாடு நடுச்சாலையில் படுத்திருக்கும்போது டெபுட்டி தன் வண்டியின் சைரனைப் போட்டால், அது எழுந்து அவரை நோக்கித்தான் வரும். அதன் காதுக்கு அது சாப்பாட்டு மணி.