தகடு எப்படியெல்லாம் வளையும்: ஹெய்க்கி செப்பாவின் பட்டறைப் பாடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹெய்க்கி செப்பா 1927இல் பின்லாந்தில் பிறந்தவர். கோபன்ஹேகனில் ஜார்ஜ் ஜென்சன் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனார். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1965 முதல் உலோகக் கலை கற்பித்தார். கிண்ணமும் குவளையும் அடித்துத் தேர்ந்த கை. ஆனாலும் ஒரு கேள்வி அவரை விடவில்லை: தகடு கிண்ணமாக மட்டும்தான் வளையுமா?

கிண்ணம் அடிக்கும்போது விளிம்பு சுருங்கும், நடு விரியும். செப்பா அதைத் தலைகீழாக்கினார். விளிம்பை நீட்டி நடுவைச் சுருக்கினால் தகடு குதிரைச் சேணம் மாதிரி நெடுக்கில் ஒரு பக்கமும் குறுக்கில் எதிர்ப்பக்கமும் வளைகிறது.

செய்து பார்க்க 0.8 மில்லிமீட்டர் செம்புத் தகட்டில் 15 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போதும். விளிம்பை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்குங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது. நீளப்போவது விளிம்புதான்; அங்கே அரத்தின் ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் அதிலிருந்தே வெடிப்பு ஓடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். அமிலத்தில் கறுப்பு நீங்கட்டும்.

அடுத்து, மேலும் கீழுமாக நெளிந்த இரும்புத் தண்டு வேண்டும். பட்டையின் அகலம் தண்டின் போக்கில் வரும்படி அதன் பள்ளத்தில் வையுங்கள். முனை குறுகி, உருண்டையாகத் தேய்த்த நைலான் அல்லது மரச் சுத்தியலால் ஒரு விளிம்பை ஒட்டி வரிசையாக அடியுங்கள். பிறகு எதிர் விளிம்பு. இப்படி மாறிமாறி நடுவை நெருங்க வேண்டும். நடுவில் தொடங்கினால் விளிம்பு நீளாது, வெறும் வாய்க்கால்தான் மிஞ்சும். எடுத்த எடுப்பில் குறுகலான பள்ளத்துக்குப் போனால் தகடு மடிந்துவிடும். ஒரு சுற்று முடிந்ததும் செம்பு இறுகியிருக்கும். மறுபடி காய்ச்சிய பிறகே அடுத்த, சற்றே குறுகலான பள்ளம். இரும்புச் சுத்தியல் வேண்டாம், தகட்டில் தழும்பு விழும்.

இந்த வளைவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஒரு திசையில் மடக்கப் போனால் மறுதிசை வளைவு தடுக்கிறது. அதனால் மெல்லிய தகடே விறைத்து நிற்கிறது. சட்டமும் பற்றவைப்பும் இல்லாமல் பெரிய உருவம் சாத்தியமாகிறது. இருபுறமும் கூம்பி வளைந்த குழலையும் தட்டைத் தகட்டிலிருந்தே எழுப்பக் கற்றுக்கொடுத்தார். இந்த முறைகளை ஒளிக்காமல் 1978இல் புத்தகமாகவே போட்டார். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்காத இந்த மனசைத்தான் நான் அவருடைய பெரிய படைப்பாக மதிக்கிறேன். அவரிடம் கற்ற மைக்கேல் குட் அதே வளைவைத் தங்க நகைக்குக் கொண்டுபோனார். காற்றில் சுழன்றதுபோல் நிற்கும் அவருடைய காதணிகள் ஒற்றைத் தகட்டில் எழுந்தவை.