கியோபாஷி ஆற்றங்கரையில் ஹாரா தமிகி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஹிரோஷிமாவில் இருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் ஓடுவது கியோபாஷி ஆறு. இந்தப் பக்கம் மரங்கள் அடர்ந்து தெரிகிறதே, அது ஷுக்கேயென் தோட்டம். இங்கே ஆண்ட அசானோ பிரபு குடும்பத்துக்காக 1620இல் அமைத்தது. குளம், வளைந்த கல் பாலம், பைன் மரங்கள் என்று உள்ளே பார்க்க நிறைய இருக்கிறது. அதை இன்னொரு நாள் காட்டுகிறேன். இன்று பேசப்போவது தோட்டத்தின் பின்புறம் ஆற்றைத் தொடுகிற இந்தக் கரையைப் பற்றியும், இந்தக் கரையை எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றியும்.

அவர் பெயர் ஹாரா தமிகி. 1905இல் இதே ஊரில் பிறந்தவர். கவிஞர், சிறுகதைக்காரர், அதிகம் பேசாத மனிதர். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் துணி தைத்துக் கொடுக்கிற தொழில் அவர்கள் குடும்பத்துக்கு. வீடு நோபோரி-சோ பகுதியில், இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

1944 செப்டம்பரில் அவருடைய மனைவி நோயில் இறந்துபோனார். அவள் போய்விட்டால் ஒரே ஒரு வருடம் மட்டும் உயிரோடு இருந்து, அவளுக்காக ஒரு கவிதைத் தொகுப்பு எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று ஹாரா நினைத்திருக்கிறார். அப்படி நினைத்தவர்தான் 1945இன் தொடக்கத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறார். ஆகஸ்ட் 4ஆம் தேதி பூ வாங்கிக்கொண்டு மனைவியின் கல்லறைக்குப் போகிறார். 15ஆம் தேதி, அவள் இறந்த பிறகு வருகிற முதல் ஓபோன், அதாவது இறந்தவர்களை நினைத்துப் படைக்கிற நாள். அதுவரை இந்த ஊர் இருக்குமா என்று அப்போதே அவருக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 6, காலை 8:15. குண்டு வெடித்த இடத்திலிருந்து அவர் வீடு சுமார் 1.2 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அவர் கழிப்பறைக்குள் இருந்தார், அதனால்தான் பிழைத்தேன் என்று அவரே எழுதுகிறார். அவருடைய அப்பா அந்த வீட்டைக் கொஞ்சம் உறுதியாகக் கட்டியிருந்ததும் ஒரு காரணம். அக்கம்பக்கத்தில் தீ பிடித்ததும் எல்லோரும் ஓடி வந்தது இந்தத் தோட்டத்துக்கு. தோட்டம் என்பதைவிட ஆறு என்று சொல்ல வேண்டும். தீக்குப் பயந்து மக்கள் வேறெங்கே ஓடுவார்கள்? ஹிரோஷிமா ஓட்டா ஆற்றின் டெல்டாவில் இருக்கிற ஊர். அன்றைக்கு இந்த ஆற்றுக்கு ஏழு கிளைகள், இப்போது ஆறு கிளைகள். எந்தத் தெருவில் நின்றாலும் சற்று நடந்தால் ஒரு கரை வந்துவிடும்.

'கோடைப் பூக்கள்' என்ற அவருடைய சிறுகதையில் இந்தக் கரை அப்படியே இருக்கிறது. கதை என்றுதான் பெயர், நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அதில் எனக்கு மறக்கவே முடியாத ஓர் இடம் உண்டு. எதிரே நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. மேலே அந்த ரயில் பாலம் தெரிகிறது பாருங்கள், அதில் ஒரு சரக்கு வண்டி கவிழ்ந்துவிட்டது. அதிலிருந்து விழுந்த வெங்காயப் பெட்டிகள் ஆற்றில் மிதந்து வருகின்றன. ஹாரா ஒரு பெட்டியை இழுத்துப் பிடித்து, வெங்காயத்தை அள்ளி அள்ளிக் கரையில் நிற்பவர்களிடம் கொடுக்கிறார். அப்போது காப்பாற்றுங்கள் என்று ஒரு குரல். ஒரு சிறுமி மரத்துண்டைப் பிடித்தபடி நடு ஆற்றில் மூழ்கி மூழ்கி வருகிறாள். இவர் ஒரு பெரிய மரக்கட்டையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தள்ளிக்கொண்டே நீந்திப் போய் அவளைக் கரை சேர்க்கிறார். நீந்தி எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு அவர் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

வெங்காயத்தை ஏன் விடாமல் எழுதினார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பெரிய துயரத்தைச் சொல்லும்போது இதெல்லாம் எதற்கு என்று வேறொருவர் விட்டிருப்பார். அந்த நாளில் ஆற்றில் வெங்காயமும் வந்தது, அந்தச் சிறுமியும் வந்தாள். அவர் பார்த்த வரிசையிலேயே வைக்கிறார், எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. அதனால்தான் நாமும் அந்தக் கரையில் நிற்கிறோம்.

இதே கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குச் சின்ன வயது ஞாபகம் வருகிறது. இந்தப் படுகைக்கு மீன் பிடிக்க வந்த ஒரு வெயில் நாள். மணலில் லயன் பற்பொடி விளம்பரப் பலகை ஒன்று பெரிதாக நின்றது, பாலத்தில் அவ்வப்போது ரயில் இரைந்துகொண்டு போனது. கனவு போன்ற அமைதியான காட்சி என்கிறார். அதே பாலம்தான், அதே மணல்தான். போர் நினைவு என்று நாம் தனியாக ஒன்றைப் பிரித்துச் சொல்கிறோம். ஹாராவுக்கு அது தான் மீன் பிடித்த ஆற்றில் நடந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த எழுத்தின் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. காளான் மேகப் படம் தூரத்திலிருந்து எடுத்தது. இவர் அதன் அடியில், தனக்குத் தெரிந்த கரையில் இருந்து எழுதுகிறார்.

உயிரோடு இருக்கிறோம் என்று உணர்ந்த அந்தக் கணத்தில், இதை எழுதி வைத்தாக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம். விழுந்தது எந்த மாதிரி குண்டு என்றுகூட அப்போது தெரியாது. ஒரு வருடம் மட்டும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தவருக்கு, அந்த வருடம் முடிவதற்கு முன்பே இருக்க வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது.

அன்று இரவு இந்த ஆற்றங்கரையிலேயே படுத்தார்கள். படுகைப் பக்கமிருந்து இரவு முழுக்கக் குரல்கள். தண்ணீர், தண்ணீர், அம்மா, அக்கா. அந்தக் குரல்களைத்தான் பிறகு தண்ணீர் கேட்கும் கவிதையாக எழுதினார். பக்கத்தில் ஆறு நிறைய தண்ணீர் ஓடும்போது தண்ணீருக்காகக் கதறுகிறார்கள். தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் இறந்துவிடுவார் என்று நம்பிப் பலர் கொடுக்கவும் இல்லை. இன்றும் ஆகஸ்ட் 6 நினைவு நிகழ்ச்சியில் இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைக்கிறார்கள்.

அப்புறம் கதை வெளியான விதம். 1945 முடிவதற்குள் எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை இருந்த காலம், அணுகுண்டைப் பற்றி அச்சில் கொண்டுவருவது எளிதாக இல்லை. சில பகுதிகளை நீக்கிய பிறகு 1947 ஜூனில் 'மிதா புங்காகு' இதழில் வந்தது. முதலில் வைத்த தலைப்பு 'அணுகுண்டு'. அதை மாற்றியதில் ஒரு நன்மையும் நடந்தது என்று நினைக்கிறேன். மனைவியின் கல்லறைக்கு வாங்கிய பூக்கள் தலைப்பில் ஏறிவிட்டன.

1951 மார்ச் 13 அன்று டோக்கியோவில் ஹாரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 45. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் அணுகுண்டைப் பயன்படுத்துவது பற்றியும் யோசனை இருக்கிறது என்று அதிபர் ட்ரூமன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அவர் ஏன் போனார் என்று நான் காரணம் கட்டிச் சொல்லப் போவதில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவர் எழுதிய கவிதை ஒன்று, ஹிரோஷிமாவின் டெல்டாவில் இளம் இலைகள் செழிக்க வேண்டும் என்று கேட்கிறது. எரிந்த ஊரை அவர் கடைசியிலும் ஆற்றோடு சேர்த்துத்தான் நினைத்தார்.

அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அணுகுண்டில் இடிந்த நிலையிலேயே விட்டு வைத்திருக்கிற குவிமாடக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே. அந்தக் குவிமாடத்தைப் படம் எடுக்கிற கூட்டத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். நீங்கள் வந்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 'கோடைப் பூக்கள்' ஆங்கிலத்தில் கிடைக்கிறது, எழுத்தாளர் ஓஏ கென்சபுரோ தொகுத்த அணுகுண்டுக் கதைகள் நூலில் இருக்கிறது. சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

சரி, இங்கிருந்து ஆற்றைக் கடந்து ரயில் நிலையத்துக்குப் பின்புறம் தோஷோகு கோயிலுக்குப் போகிறேன். இரண்டாவது இரவு ஹாரா அங்கேதான் தங்கினார். காயம்பட்டவர்கள் நடுவே உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டில் பென்சிலால் எழுத ஆரம்பித்ததும் அங்கேதான். கோயில் படிகளில் இருந்து மீதியைச் சொல்கிறேன்.